சுவரில் தொங்கிய ரூட் 66

சென்ற கோடையில் சிகாகோ பக்கம் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்ததைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பதிவு எழுதிவிட்டேன். ஒன்று விமானத்தில் முழங்கால் பட்ட பாடு, இன்னொன்று அங்கே கிடைக்கிற முருங்கைக்காய். இது மூன்றாவது, ஒரு தகரப் பலகையைப் பற்றியது. முப்பத்திரண்டு வருஷம் சாலை ஓவர்சீயராக வெயிலில் நின்றவனுக்குத் தகரப் பலகையைப் பற்றிச் சொல்ல விஷயம் இருக்காதா என்ன?

போய் இறங்கிய அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டேன். ஹாலில் சோபாவுக்கு மேலே, சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில் (இது என் வீட்டுக்காரியின் அபிப்பிராயம்), கேடய வடிவத்தில் ஒரு பலகை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. மேலே இல்லினாய்ஸ் என்று மாநிலத்தின் பெயர், அதற்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே யு.எஸ். 66. ஓரமெல்லாம் துரு. நடுவில் துப்பாக்கிக் குண்டு துளைத்த மாதிரி மூன்று ஓட்டை.

"மாப்பிள்ளை, இதை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன், ஆனால் நெஞ்சு திக்கென்றது.

அவர் சிரித்தார். "பயப்படாதீங்க மாமா. கடையில வாங்கினது. ரெப்ளிகா. முப்பத்தஞ்சு டாலர்."

நகலாம். பழைய நெடுஞ்சாலைப் பலகைகளை அச்சு அசலாகச் செய்து விற்க அங்கே ஒரு வியாபாரமே நடக்கிறது. வீட்டு ஹாலுக்கு, கார் ஷெட்டுக்கு, ஓட்டலுக்கு, முடி வெட்டுகிற கடைக்கு என்று எல்லாரும் வாங்கி மாட்டுகிறார்கள். முப்பத்தைந்து டாலரை எண்பதால் பெருக்கிப் பார்த்த என் வீட்டுக்காரி, "துரு பிடிச்ச தகரத்துக்கா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அது என்ன 66 என்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1926 நவம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளுக்கு நாடு முழுக்க ஒரே முறையில் எண் கொடுத்தபோது பிறந்த சாலை அது. சிகாகோவில் ஆரம்பித்து எட்டு மாநிலங்களைக் கடந்து கலிபோர்னியாவில் சான்டா மோனிகா கடற்கரையில் முடிகிறது. 2,448 மைல். நம் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். 1930களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலத்தை இழந்த குடியானவர்கள் சட்டி பானையை லாரியில் ஏற்றிக்கொண்டு மேற்கே போனது இந்தச் சாலையில்தான். பிறகு 1956க்கு மேல் பெரிய இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்தன. ஊர் ஊராக இந்தச் சாலை ஓரம் கட்டப்பட்டது. 1985இல் அதிகாரபூர்வமாக எண்ணையே எடுத்துவிட்டார்கள். சாலை செத்த பிறகு அதன் பலகைக்கு மவுசு வந்துவிட்டது!

மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சிகாகோவுக்கு அழைத்துப்போய் ஆடம்ஸ் தெருவில் அந்தச் சாலை ஆரம்பிக்கிற இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே நினைவுக்காக ஒரு பழுப்பு நிறப் பலகை உயரத்தில் இருக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறான். நம்மூர் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

சரி, வீட்டுப் பலகைக்கு வருவோம். மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றி இறக்கினேன். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எடையே இல்லை. மிட்டாய் டப்பா மூடி கனம்கூட இருக்காது. துருவைத் தடவினால் விரலில் ஒட்டவில்லை. அது துருவே இல்லை, துருவின் படம். குண்டு ஓட்டைகளில் இரண்டு வெறும் அச்சு, ஒன்றுதான் நிஜமாகத் துளைத்திருந்தது. அதுவும் டிரில்லில் போட்ட ஓட்டை போல வட்டமாக, பிசிறு இல்லாமல் இருந்தது. குண்டு பட்டால் தகரம் பின்பக்கம் பூ விரிகிற மாதிரி விரியும். திருப்பிப் பார்த்தேன். விரியவில்லை. அதற்குப் பதில் மூலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது: மேட் இன் இந்தியா.

உட்கார்ந்து சிரித்தேன். இங்கே யாரோ ஒருவர் எங்கோ ஒரு பட்டறையில் இல்லினாய்ஸ் சாலைக்குத் துரு அச்சடித்து, குண்டு போட்டு, கப்பலில் ஏற்றியிருக்கிறார். பிழைக்கத் தெரிந்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது துருவையும் குண்டையும்தான். சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் சொன்னேன். "பலகை இருக்கட்டும் மாப்பிள்ளை. ஆனா அந்தக் குண்டு எதுக்கு?"

"அதுதான் மாமா பழைய லுக். அது இல்லேன்னா புதுசு மாதிரி இருக்கும்ல?"

"புதுசுதானே?"

அவரிடம் பதில் இல்லை. எனக்கும் மேலே வாதாட மனமில்லை. மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு மாப்பிள்ளையிடம் சண்டை போடலாமா? ஆனால் உங்களிடம் சொல்லலாம். அமெரிக்காவின் கிராமப்புறச் சாலைகளில் பலகையைக் குறி வைத்துச் சுடுவது நிஜமாகவே நடக்கிற அட்டூழியம். ஓட்டை விழுந்த இடத்தில் இரவில் வெளிச்சம் திரும்பி வராது, தண்ணீர் இறங்கும், துரு பரவும். யாரோ ஒரு ஓவர்சீயர் அதை எண்ணி, குறித்து, மாற்ற வேண்டும். அந்தச் சேதத்தையே அழகு என்று அச்சடித்து ஹாலில் மாட்டினால் என்னைப் போன்றவனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பக்கத்து வீட்டில் என் வயதில் ஒரு அமெரிக்கப் பெரியவர். மாப்பிள்ளை நான் பழைய சாலை ஆள் என்று சொல்லிவைத்திருந்ததால் ஒருநாள் தன் கார் ஷெட்டுக்குக் கூப்பிட்டார். உள்ளே போனால் கார் இல்லை. சுவர் முழுக்கப் பலகை, எல்லாம் அசல். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் பாதி வழியில்தான் சந்தித்தன என்றாலும், பலகையைத் தட்டிப் பார்க்கிற விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பாஷைதான்.

முதலில் ஒரு மஞ்சள் ஸ்டாப் பலகையைக் காட்டினார். ஸ்டாப் என்றால் சிவப்பு என்றுதான் நமக்குத் தெரியும். 1954க்கு முன்னால் அங்கே மஞ்சளில் கறுப்பு எழுத்துத்தானாம். மங்காத நல்ல சிவப்புச் சாயம் அந்தக் காலத்தில் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பலகையின் எழுத்துகளில் வரிசையாகக் கண்ணாடிக் குண்டுமணிகள் பதித்திருந்தார்கள். கார் விளக்கு பட்டால் பூனைக் கண் மாதிரி மின்னும். இப்போது போல ஒளி திருப்பும் ஸ்டிக்கர் தாள் பரவுவதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு.

அடுத்து ஒரு பழைய கேடயம். மாப்பிள்ளை வீட்டில் இருப்பதன் நிஜமான தாத்தா. எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி எழுத்தையும் ஓரத்தையும் புடைக்க வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே 6 என்று படிக்கலாம். 1926இல் வந்த மாதிரி பதினாறு அங்குலம்தான் இருந்தது. வண்டிகளின் வேகம் கூடக் கூடப் பலகையும் பெரிதாகிவிட்டது. பின்னால் வந்த மாதிரியில் மாநிலப் பெயரையும் எடுத்துவிட்டார்கள், தூரத்திலிருந்து எண் மட்டும் தெரிந்தால் போதும் என்று. இதெல்லாம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாங்களும் ஒரு காலத்தில் மேலே சிவப்பு முக்கோணம், அதன் கீழே தனியாக ஒரு பலகையில் படம் என்று இரண்டு துண்டாக வைத்துக்கொண்டிருந்தோம். பிறகு படம் முக்கோணத்துக்குள்ளேயே போய்விட்டது. நம்மூரில் அந்தப் பழைய இரட்டைப் பலகை ஒன்றையாவது யாராவது பத்திரப்படுத்தியிருக்கிறீர்களா?

நகலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். பெரியவர் குஷியாகிவிட்டார். எனாமல் பலகை என்றால் எஃகின் மேல் கண்ணாடித் தூளைப் பூசிச் சூளையில் உருக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சுட்டு எடுப்பது. அதனால் அசலில் ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய படி ஒன்று நகத்தில் தட்டும். அச்சடித்ததில் அது இருக்காது. திருகு போட்ட ஓட்டையைப் பார், வருஷக்கணக்கில் வாஷர் அழுத்திய வட்டம் இருக்கிறதா என்று பார். துரு ஓட்டையைச் சுற்றியும் கீழ் ஓரத்திலும் அதிகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் தங்குவது அங்கேதான். நாலு பக்கமும் சமமாகத் துரு இருந்தால் அது மழை செய்த வேலை அல்ல, மனிதன் செய்த வேலை. இதைக் கேட்டதும் கை கொடுத்துவிட்டேன்.

ஆனால் அவர் சொன்னதில் முக்கியமானது வேறு. "பழசு என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். பதில் சரியில்லை என்றால் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்" என்றார். அங்கே இப்போதைய பலகைகளின் பின்னால் இன்ன துறையின் சொத்து என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை வீட்டில் வைத்திருந்தாலே பல மாநிலங்களில் குற்றம். அப்படியும் திருடுகிறார்கள். ரூட் 66இல் பலகை வைக்க வைக்கக் காணாமல் போனதால் பல இடங்களில் சாலையின் மேலேயே அந்தக் கேடயத்தைப் பெயின்டில் வரைந்துவிட்டார்கள். தாரைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? அந்த 66இன் ஒரு கிளைச் சாலைக்கு 666 என்று எண். கிறிஸ்தவர்கள் சாத்தானின் எண் என்பார்களே, அதுதான். அதன் பலகைகளும் ஓயாமல் திருடு போயின. 2003இல் எண்ணையே 491 என்று மாற்றிவிட்டார்கள். கொலராடோவில் 420ஆம் மைல் பலகை நிற்கவே மாட்டேன் என்றது, அந்த எண் அங்கே கஞ்சாக்காரர்களின் சங்கேதம். கடைசியில் 419.99 என்று எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் பாட்டில் வந்த பென்னி லேன் தெருவிலும் இதே தொல்லை, பெயரைச் சுவரில் பெயின்டால் எழுத வேண்டியதாயிற்று.

இதெல்லாம் கேட்கத் தமாஷாக இருக்கிறது. 1996இல் ஃபுளோரிடாவில் நடந்தது தமாஷ் இல்லை. ஒரு சந்திப்பில் ஸ்டாப் பலகையை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். நிற்க வேண்டிய இடம் என்று தெரியாமல் போன காரின் மேல் லாரி மோதி மூன்று இளைஞர்கள் செத்தார்கள். பலகையைப் பிடுங்கியதாக மூன்று பேருக்குப் பதினைந்து வருஷத் தண்டனை விதித்தார்கள். பிறகு மேல்முறையீட்டில் அது ரத்தானது. செத்தவர்களும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள், கூண்டில் நின்றவர்களும் ஏறக்குறைய அதே வயது.

இதைப் பெரியவர் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் பலகையைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது என்று மேலே எழுதினேனே, அதற்குக் காரணம் இதுதான்.

1987. ஊர் பெயர் வேண்டாம். என் செக்ஷனில் ஒரு ஏரிக்கரைச் சாலை. கரையின் மேலே நேராக வந்து, மதகு தாண்டியதும் சட்டென்று இடது பக்கம் ஒடியும். வலது பக்கம் பள்ளம். அந்த இடத்தில் ஒரு வளைவுப் பலகை. ஒருநாள் காலையில் போனால் கம்பம் இருக்கிறது, பலகை இல்லை. போல்ட்டை ஸ்பானர் வைத்துப் பதமாகக் கழற்றியிருந்தார்கள். டைரியில் எழுதினேன், இண்டென்ட் போட்டேன், வந்தால் மாட்டலாம் என்று விட்டுவிட்டேன். நாலு கருங்கல்லை நட்டு வெள்ளை அடித்துவைக்கச் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆள், அரை நாள் வேலை. சொல்லவில்லை. உள்ளூர்க்காரனுக்கு வளைவு தெரியும்தானே என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் இரவு ஒரு வெளியூர்ப் பையன், தங்கை கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தவன், நேராகப் பள்ளத்துக்குள் போய்விட்டான். உயிர் பிழைத்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பலகை எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது. காயலான் கடையில் இல்லை. ஒரு கல்லூரி விடுதியில், ஒரு அறையில், கட்டிலுக்கு மேலே நடிகை காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். வார்டன் பார்த்துச் சொல்லி அனுப்பினார். போய் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று பையன்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், நடுங்கிக்கொண்டு நின்றார்கள். "எதுக்குப்பா எடுத்தீங்க?" என்றேன். "அழகா இருந்துச்சு சார்" என்றான் ஒருவன். அந்தக் காலைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைகள், வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டாமே என்று. அது சரிதானா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. நானும் நாலு கல் நடாதவன்தானே, அவர்களிடம் என்ன வாயைத் திறந்து சொல்வது?

அதனால்தான் சொல்கிறேன், நகல் பலகை விற்கிறவன் புண்ணியவான். அந்தப் பையன் சொன்னது உண்மை, பலகை அழகாகத்தான் இருக்கும். தூரத்திலிருந்து ஒரு நொடியில் கண்ணைப் பிடிக்க வேண்டும் என்று செய்தது அழகாக இல்லாமல் எப்படி இருக்கும்? அந்த அழகுக்கு ஆசைப்படுகிறவன் கடைத்தெருவில் பத்து ரூபாய்க்கு ஒரு நகல் வாங்கியிருந்தால் என் பலகை கம்பத்தில் நின்றிருக்கும். ஆனால் நகல் நகலாக இருக்கட்டும். பொய்த் துருவும் பொய்க் குண்டும் போட்டால், இன்று ஹால் அலங்காரமாக இருப்பது நாளைக்கு நாலு கை மாறி அசல் என்று விலை போகும். அசலுக்கு விலை ஏற ஏற, ஸ்பானரோடு ராத்திரியில் கிளம்புகிறவனும் கூடுவான். செய்கிறவர்கள் பின்பக்கம் வருஷத்தையும் நகல் என்பதையும் அழியாமல் அடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கழன்று விழுகிற ஸ்டிக்கர் போதாது.

நம்மூருக்கும் இது வரும், வந்துகொண்டேயிருக்கிறது. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தேனி போன என்.எச். 45 என்ற பெயர் போய்விட்டது. மதுரை வழியாகப் போன 7 இப்போது 44. நம் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் 45தான். மஞ்சள் தலை வைத்த அந்தக் கல்லை, 45 என்று எழுதி, முழங்கால் உயரத்துக்குச் சிமென்டில் செய்து விற்றால் முதல் கல்லை நான் வாங்குவேன். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், வீட்டுக்காரி சம்மதித்தால்.

என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவர் தோட்டத்தில் அசல் மைல்கல் ஒன்று இருக்கிறது. கிலோமீட்டர் வருவதற்கு முந்தையது. கருங்கல்லில் கொத்திய எண். சாலை அகலப்படுத்தியபோது பொக்லைன் புரட்டிப் போட்டதைக் காசு கொடுத்து வண்டியில் ஏற்றி வந்தாராம். "நான் எடுக்கலைன்னா மண்ணுக்குள்ள போயிருக்கும், இல்லேன்னா எவனாவது துணி துவைச்சுக்கிட்டிருப்பான்" என்கிறார். அது நிஜம். துவைக்கிற கல்லாகக் கிடந்த மைல்கல்லை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்தக் கல் தன் இடத்தில் நின்றால்தான் அதில் எழுதியிருக்கிற எண் உண்மை. அவர் தோட்டத்தில் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டு மதுரை 14 மைல் என்று அது சொல்வது பொய். திருப்பிக் கொடுத்து, சாலை ஓரத்தில் அதே இடத்தருகே நடச் சொல்லுங்கள், உங்களுக்கு ஒரு நகல் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் நடக்க வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். கல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை. இதைப் படிப்பார், தெரியும். படிக்கட்டும்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பலகையை மறுபடி இறக்கினேன். பேரன் தன் கறுப்பு மார்க்கரைக் கொடுத்தான். பின்பக்கம், மேட் இன் இந்தியா ஸ்டிக்கருக்குக் கீழே, பெரிய எழுத்தில் 'நகல்' என்று தமிழில் எழுதி, வாங்கிய வருஷத்தையும் போட்டேன். "தாத்தா, இங்க யாருக்குமே தமிழ் தெரியாதே?" என்றான் பேரன். வாஸ்தவம்தான். அவனையே அதன் கீழே ஆங்கிலத்திலும் எழுதச் சொன்னேன். பிறகு மாட்டினோம். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, ரசமட்டம் வைத்துச் சரி செய்தேன்.